கடல் புகுந்த கிணறுகள்

அலைக்குப் பின்: கிழக்குக் கரையின் அறிவியல் வரலாறு – பகுதி 8

இதுவரை

2004 டிசம்பர் 26. சுமாத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு நழுவியபோது, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 மணி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடல் எங்கள் கரையில் ஏறியது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே பொத்துவில் வரை அது எந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான்.

சுவர்களில் படிந்த நீர்க்கோட்டை அளக்க 2005 ஜனவரியில் வந்த சர்வதேச ஆய்வுக்குழுவின் கதையை முன்னர் பார்த்தோம். கடந்த வாரம் நொபுயுகி நிஷிகியோரியும் அவருடைய சகாக்களும் கிழக்குக் கரையோர முகாம்களில் நடத்திய கணக்கெடுப்பைப் பார்த்தோம். 13 முகாம்கள், 859 குடும்பங்கள், 3,533 பேர். ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருந்தார்கள்; பெண்களில் 17.5 பேர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 பேர்.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. மரணங்களில் ஏறத்தாழ எல்லாமே அலை அடித்த வேளையில், அல்லது அதை ஒட்டிய நாள்களில் நிகழ்ந்தவை. எல்லோரும் அஞ்சிய அடுத்த சாவு, அதாவது கொள்ளைநோய், வரவில்லை.

அது வராமல் தடுக்க மனிதர்கள் எதையெல்லாம் செய்தார்கள்? அவற்றுள் ஒன்று எப்படி இன்னொரு சிக்கலைக் கிளப்பியது? இந்த வாரக் கதை அங்கே தொடங்குகிறது.


வளவுக்கு ஒரு கிணறு

கல்முனைக் கரையின் அமைப்பைத் தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

கிழக்கே கடல். மேற்கே கரைவாகு வயல்களும் நீர்த்தாழ்வுகளும். இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. அதன் மேல்தான் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊரின் கடைசி வீட்டுக்கும் அடுத்த ஊரின் முதல் வீட்டுக்கும் இடையே பல இடங்களில் ஒரு வீதிதான் எல்லை.

இந்த மணலில் ஆளுயரம், அல்லது அதற்குச் சற்றுக் கூடத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அதனால் வளவுக்கு ஒரு கிணறு. சீமெந்து வளையம் இறக்கிய சின்னக் கிணறு. குடிக்க, சமைக்க, குளிக்க, தொழுமுன் வுழூச் செய்ய, எல்லாவற்றுக்கும் அதுதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கிணற்றுத் தண்ணீர் மட்டும் இனிக்கும்.

எப்படி?

மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. மணலுக்கு அடியிலும் பக்கத்திலும் கடல்நீர் இருக்கிறது. ஒரு கன மீற்றர் நன்னீரின் எடை 1,000 கிலோ. கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. பாரம் குறைந்த நன்னீர், தண்ணீர் மேல் எண்ணெய் நிற்பதுபோல, உப்புநீர் மேல் தங்கிவிடுகிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கிடக்கும் இந்த நீர்த்திரளை நீரியலாளர்கள் நன்னீர் வில்லை என்பார்கள்.

இதன் கணக்கை முதலில் வகுத்தவர்களில் ஒருவர் ஒல்லாந்துப் படையின் பொறியியலாளர் படோன் கைபென். ஆண்டு 1888. நோர்டர்னை என்ற வடகடல் தீவில் குடிநீர் தேடிய ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க், 1901இல் தனியாக அதே முடிவுக்கு வந்தார். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்பை அழுத்திவைக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. மணல் படை அவ்வளவு ஆழம் இல்லாத இடங்களில் வில்லையும் அதற்கேற்பச் சுருங்கும். ஆனால் அந்த விகிதம் மாறாது: ஒன்றுக்கு நாற்பது.

இந்த ஒன்றுக்கு நாற்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதையின் திருப்பம் அதற்குள்தான் இருக்கிறது.


மூன்று வாசல்கள்

அலை வந்தபோது கடல்நீர் நிலத்துக்குள் மூன்று வழிகளில் நுழைந்தது.

முதலாவது, கிணற்றின் வாய். கட்டுக்கு மேலால் பாய்ந்த நீர் கிணற்றை நிரப்பி, அதன் அடியால் நேரே மணலுக்குள் இறங்கியது.

இரண்டாவது, நிலத்தின் மேற்பரப்பு. ஊரை மூடி நின்ற நேரத்திலேயே நீர் மணலுக்குள் கசிந்தது.

மூன்றாவது, தேங்கிய குட்டைகள். அலை திரும்பிப் போன பிறகும் பள்ளங்களில் கடல்நீர் நின்றது. அது நாள்கணக்கில் மெல்ல மெல்லக் கீழிறங்கியது.

மேலேயிருந்து வந்த உப்புநீருக்குப் பாரம் அதிகம். கீழே இருந்த நன்னீருக்குக் குறைவு. பாரமானது மேலே தங்காது. பல முனைகளாகப் பிரிந்து, நன்னீரை ஊடறுத்துக் கீழே விழும். விழும் வழியெல்லாம் கலக்கும். காலங்காலமாக அடியில் கிடந்த உப்பு அன்று தலைக்கு மேலிருந்து வந்தது.

எவ்வளவு வந்தது என்று விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் நீராழமும் உள்ள கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 2,350 லீற்றர் நீர் பிடிக்கும். அது முழுவதும் கடல்நீரானால், லீற்றருக்கு 35 கிராம் வீதம் 80 கிலோவுக்கு மேல் உப்பு.

இப்போது அந்தக் கிணறு இருக்கும் வளவைப் பாருங்கள். பத்துப் பேர்ச் காணி. சதுர மீற்றரில் 253. அதன் மேல்மணல் அரை மீற்றர் ஆழத்துக்குக் கடல்நீரை உறிஞ்சியது என்று கொண்டால், மணலின் கொள்ளளவில் நூற்றுக்கு 30 பங்கு இடைவெளி என்ற கணக்கில், உள்ளே போன கடல்நீர் ஏறத்தாழ 38,000 லீற்றர்.

கண்ணுக்குத் தெரிந்த கிணற்றில் 2,350 லீற்றர். தெரியாத மணலில் அதைப்போல் பதினாறு மடங்கு.

ஆனால் அந்த ஜனவரியில் எல்லோருடைய கண்ணும் கிணற்றின் மேல்தான் இருந்தது.


பம்பிகளின் காலம்

அந்த நாள்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்குள் கிடந்தது உப்பு மட்டுமா? சேறு, செத்த ஆடு மாடுகள், உடைந்த மலசலகூடக் குழிகளின் கழிவு, சொல்ல நா எழாத இன்னும் பல. ஆயிரக்கணக்கானோர் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வயிற்றோட்டம் ஒரு முகாமில் தொடங்கினால் போதும், வாந்திபேதி கரையெங்கும் பரவிவிடும் என்று வைத்தியர்கள் அஞ்சினார்கள்.

அவர்களின் கையில் நூறாண்டுப் பட்டறிவு இருந்தது. கெட்ட கிணறா? முழுவதும் இறை. அடிச்சேற்றை அள்ளு. குளோரின் போடு. ஊறவிடு. மறுபடி இறை. வெள்ளம் வந்த ஒவ்வோர் ஆண்டும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் செய்துவந்த வேலைதான் இது. கிருமியை ஒழிக்க இதைவிட நல்ல வழி அப்போது கையில் இல்லை.

உள்ளூர் இளைஞர்கள், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டு நிவாரணக் குழுக்கள் எல்லாரும் பம்பிகளோடு இறங்கினார்கள். இலங்கை முழுவதிலும் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் உடைந்தோ கெட்டோ போயிருந்தன. இன்று எத்தனை கிணறு இறைத்தோம் என்பதே ஒவ்வொரு குழுவும் மாலையில் எழுதும் அறிக்கையாக இருந்தது.

தண்ணீர் தெளிந்தது. நாற்றம் போனது. குளோரின் தன் வேலையைச் செய்தது.

உப்பு மட்டும் போகவில்லை.

குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும். குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது நாக்கு உப்பை உணரத் தொடங்குகிறது. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். அதாவது ஒரு வாளிக் கடல்நீரின் உப்பை நாக்கு மறக்க வேண்டுமானால் 75 வாளி நல்ல தண்ணீர் வேண்டும்.

ஆகவே திரும்பவும் இறைத்தார்கள். மூன்றாம் தடவை, நான்காம் தடவை. சில இடங்களில் உண்மையில் உப்புக் குறைந்தது. வேறு சில இடங்களில் நடந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. இறைக்க இறைக்க உப்புக் கூடியது.

"தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிஞ்சிட்டு, வாயில வெக்க ஏலா" என்பது அன்று வளவுதோறும் கேட்ட பேச்சு. சவர்க்காரம் நுரைக்கவில்லை. பருப்பு அவியவில்லை. உப்புநீரில் வுழூச் செய்ய மார்க்கத்தில் தடையில்லை என்பதால் பள்ளிவாசல் கிணறுகள் பயன்பட்டன. குடிப்பதற்கோ பவுசரை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்றன.


ஒன்றுக்கு நாற்பது

ஏன் கூடியது?

இப்போது அந்த ஒல்லாந்துப் பொறியியலாளரின் விதியை மறுபக்கமாகப் படியுங்கள். மேலே ஒரு மீற்றர் நன்னீர், கீழே நாற்பது மீற்றர் வரை உப்பை அழுத்திவைக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு சென்றிமீற்றர் இறங்கினால்? கீழே உப்பின் எல்லை நாற்பது சென்றிமீற்றர் ஏற முயலும்.

பம்பியைப் போட்டுக் கிணற்றை அடிவரை இறைக்கும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் கிணற்றை நோக்கிச் சரிகிறது. மேலிருந்த அழுத்தம் குறைகிறது. அடியில் கிடந்த உப்புநீர் கிணற்றுக்கு நேர் கீழே கூம்பாக மேலெழுகிறது. மேலேயிருந்து வந்த கடலை வெளியேற்றப் போன பம்பி, கீழேயிருந்த கடலை அழைத்து வந்துவிட்டது.

இறைத்த நீரை எங்கே விட்டார்கள் என்பதும் ஒரு கேள்வி. குறுகிய வளவில் கிணற்றடியிலிருந்து சில முழம் தள்ளி ஊற்றினால் அது அதே மணலுக்குள் இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்பும். வேகமாக இறைத்த சில இடங்களில் பக்க மணல் சரிந்து வளையங்கள் சாயும் ஆபத்தும் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதி புதிதல்ல. நூறாண்டுக்கு மேல் பழையது. நீரியல் மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இருப்பது. கிணறு இறைக்கும் முறையும் புதிதல்ல. சுகாதாரக் கைநூலில் இருப்பது. இரண்டு அறிவும் உலகில் இருந்தன. ஒரே கிணற்றடியில் இரண்டும் சந்திக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் உப்பு ஏறியது.


பெப்ரவரியில் வந்தவர்கள்

2005 பெப்ரவரியில் ஒரு குழு கரையோரம் இறங்கியது. செப்டெம்பர் வரை அவர்களின் கள வேலை நீண்டது. அமெரிக்கா, இலங்கை, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டவர்கள். தலைமை தாங்கியவர் திஸ்ஸ இலங்கசேகர. பேராதனையில் குடிசார் பொறியியல் கற்று, கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் பேராசிரியரானவர். நிலத்தடியில் மாசு எப்படி நகர்கிறது என்பதைப் பெரிய மணல் தொட்டிகளில் சோதித்துப் பார்ப்பது அவருடைய துறை.

பல துறை அறிவு ஒன்றுசேர வேண்டும் என்ற இந்தத் தொடரின் பொருளைக் குழுவின் பெயர்ப் பட்டியலே சொல்லிவிடும்.

மண் இயற்பியலாளர் வான் கெனுக்டன், ரிவர்சைடிலுள்ள அமெரிக்க உவர்நில ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். உலர்மணலுக்குள் நீர் இறங்கும் விதத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் சமன்பாடு அவருடையது. பிரபாகர் கிளமென்ட், மாசுநகர்வைக் கணினியில் மாதிரியாக்குபவர். ஜயந்த ஒபேசேகர, தென்புளோரிடாவின் நீர் முகாமைத்துவத்தில் பணிபுரிந்தவர். தாழ்ந்த கரையில் நன்னீரைக் காப்பது அவருக்கு அன்றாட வேலை. வறண்ட நிலங்களின் மண்நீரை ஆராய்ந்த ஸ்கொட் டைலர். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்திலிருந்து கேரன் வில்ஹோத். டென்மார்க்கின் கார்ஸ்டன் ஜென்சன்.

இவர்களோடு, இந்த மண்ணைக் காலால் அளந்த ஒருவரும் இருந்தார். சி. ஆர். பானபொக்க. இலங்கையின் மண்வகைகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். இந்நாட்டின் நிலத்தடி நீர்ப்படைகளை யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் முதல் கரையோர மணல் வரை வகைப்படுத்தி, பெரேராவுடன் சேர்ந்து எழுதிய நூலும் அதே 2005இல்தான் வெளிவந்தது.

இவர்களில் ஒருவர் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணினி மாதிரி செய்பவர் மட்டும் வந்திருந்தால், மணலின் தடிப்பு எவ்வளவு என்று தெரியாமல் எண்களை ஊகித்திருப்பார். மண் அறிந்தவர் மட்டும் வந்திருந்தால், உப்பு எங்கே இருக்கிறது என்று காட்டியிருப்பார்; அது எப்போது போகும் என்று சொல்லியிருக்க முடியாது. பொறியியலாளர் மட்டும் வந்திருந்தால், இன்னும் பலமான பம்பியைச் சிபாரிசு செய்திருக்கக்கூடும். சுகாதாரத் துறையினர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். தங்கள் கைநூல் சொன்னதைக் குறைவில்லாமல் செய்து முடித்திருந்தார்கள்.

குழுவின் முக்கியக் கருவி மிக எளியது. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்க மானி. உப்புக் கூடினால் மின்சாரம் கூடக் கடக்கும். கிணற்றுக்குக் கிணறு, கடலோரத்திலிருந்து உள்நோக்கி அளந்தார்கள். அந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வகைத் தகவலும் தேவைப்பட்டது. இந்தக் கிணற்றுக்குள் கடல் புகுந்ததா? எத்தனை தடவை இறைத்தார்கள்? எப்போது?

மானிக்கு அது தெரியாது. வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். உம்மாமாரின் நினைவு இல்லாமல் விஞ்ஞானிகளின் எண்களுக்குப் பொருள் இல்லை. சோறு சமைத்த கை எந்த வாரத்தில் உப்புக் கூடியது என்று சொன்னபோது, அதுவும் ஓர் அளவீடுதான்.


மழையின் கணக்கு

2006 மே மாதம் நீர்வள ஆய்வுக்கான அமெரிக்க ஆய்விதழில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. பதினான்கு பேரின் பெயரோடு.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடல்நீர் கிணற்றின் வாயாலும் மணலின் மேற்பரப்பாலும் இறங்கியது. இறங்கியது மேலோடு நிற்காமல் ஆழம் வரை கலந்துவிட்டது. இறைப்பு சில இடங்களில் பலன் தந்தது. அளவு மீறியபோது அடியிலிருந்த உப்பை மேலே கொண்டுவந்தது. அப்படியானால் எது குணப்படுத்தும்?

மழை. ஒரு மாரி அல்ல, பல மாரிகள்.

கிழக்குக் கரைக்கு இது எவ்வளவு கடினமான விடை என்பதை இங்கே பிறந்தவர்கள் அறிவார்கள். எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான வாடைக்காலத்தில் பெய்து முடிந்துவிடும். அலை வந்தது அந்த மாரியின் நடுவில். நிலத்தடி நீர் உயர்ந்து நின்ற காலம் அது. மணலில் வெற்றிடம் குறைவாக இருந்ததால் உள்ளே இறங்கிய கடலும் ஓரளவு குறைந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வரவிருந்தது கோடை. மாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்றும் வெயிலும். உப்பைக் கழுவ மழை இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டிய மனிதர்களோ அங்கேயே இருந்தார்கள்.

காத்திருங்கள் என்று ஒரு விஞ்ஞானி சொல்வது எளிது. குடத்தோடு நிற்பவளிடம் அதைச் சொல்ல, அவளுக்கு வேறு தண்ணீர் வர வேண்டும். அதனால் இந்த ஆய்வின் விடை நீரியலோடு முடியவில்லை. மழை வரும்வரை பவுசர் எத்தனை தடவை வர வேண்டும், எந்தக் கிணற்றைக் குளிக்க மட்டும் வைப்பது, எதை மெதுவாக இறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதெல்லாம் நிர்வாகத்தின் கேள்விகள். நீரியல் காலத்தைச் சொன்னது. அந்தக் காலத்தைத் தாண்டச் சுகாதாரமும் பிரதேச செயலகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் வேண்டியிருந்தன.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. இலங்கையரான மெத்திகா விதானகே, வில்ஹோத், ஜென்சன் முதலியோருடன் சேர்ந்து, இறைத்துச் சுத்தப்படுத்தியது நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கிழக்குக் கரையின் மணல்படை ஒன்றிலேயே தொடர்ந்து ஆராய்ந்தார். அது 2009இல் வெளிவந்தது. மணல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாதபோது உப்பு எவ்வளவு காலம் தங்கும் என்று ஆய்வுகூடத் தொட்டியில் சோதித்த கட்டுரை 2012இல் வந்தது. வளவிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போன கேள்வி, அங்கிருந்து இன்னும் கூர்மையாகி வெளிவந்தது.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலத் தொழில்நுட்பக் குறிப்புகளைப் புரட்டினால், சாதாரணக் கிணற்றைச் சுத்தப்படுத்துவதற்கு முதலாம் இலக்கக் குறிப்பு இருக்கும். கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு 15ஆம் இலக்கத்தில் தனிக் குறிப்பு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல என்று உலகம் இப்போது ஒப்புக்கொள்கிறது. கரையோர மக்கள் உப்புத் தண்ணீர் குடித்துப் பெற்ற அறிவு அது.


உப்புக்கு அப்பால்

அந்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின் கடைசி எச்சரிக்கைதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. மழை உப்பைக் கழுவிவிடும். ஆனால் இந்தச் சின்ன மணல் வில்லைகள் அதற்குப் பிறகும் தாக்குப்பிடிக்குமா என்பது வேறு கேள்வி என்று அவர்கள் எழுதினார்கள். சனத்தொகை கூடுகிறது. இறைப்புக் கூடுகிறது. மாசு கூடுகிறது. மணல் அகழ்வாலும் கரையரிப்பாலும் கடற்கரைக்குத் திரும்பவேண்டிய மணல் குறைகிறது. மணல் குறைந்தால் வில்லையும் குறையும்.

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வளவில் நின்று பாருங்கள். கிணறு ஒரு மூலையில். மலசலகூடக் குழி மறு மூலையில். பக்கத்து வளவின் குழி வேலிக்கு அப்பால். உப்பு ஏறாத நாளிலும் இந்த மணலுக்குப் பாரம் அதிகம். குழாய்நீர் பிறகு பரவலாக வந்தது. பெரிய ஆறுதல் அது. ஆனால் குழாய் வந்ததும் கிணற்றைக் குப்பைக்கிடங்காக்கும் ஊர், அடுத்த பேரிடரில் குழாய் உடையும்போது எதைக் குடிக்கும்?

அறிவை ஒன்றுசேர்ப்பது என்றால் பல துறைப் பெயர்களை ஒரு கட்டுரையின் தலையில் அடுக்குவதல்ல. ஒரு துறை தன் விடையோடு கிளம்பும்போது, அந்த விடை அடுத்த துறையின் நிலத்தில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்பதுதான் அது. கிருமியை ஒழிக்கக் கிளம்பியவர் உப்பைப் பற்றிக் கேட்டிருந்தால், சில கிணறுகளாவது சில மாரிகள் முன்னதாகத் தேறியிருக்கும். உப்பைப் பற்றி அறிந்தவர் பெப்ரவரிக்குப் பதில் ஜனவரி முதல் வாரத்தில் கிணற்றடியில் நின்றிருந்தால், பம்பிகள் மெதுவாக ஓடியிருக்கும். துறைகள் கடைசியில் சந்தித்தன. அவை பேரிடருக்கு முன்பே ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கரைக்கு மிச்சமான பாடம்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்முனையில் பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. வளவுதோறும் கிணறு இருக்கிறது. ஆண்டுக்கு இரு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும், அந்தக் கிணறுகளின் உப்பையும் மாசையும் அளந்து ஒரே ஏட்டில் எழுதிவைக்க மாணவரும் வைத்தியரும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்தால் போதும். அடுத்த தடவை வெளியூர்க் குழு வந்து முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.


ஒரு கோடு

கிணறுகளில் உப்பின் கதை மாதக்கணக்கில் நீண்டுகொண்டிருக்க, கொழும்பில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. அதற்கு ஓர் அளவுநாடா மட்டும் போதுமாயிருந்தது.

கடலோரத்திலிருந்து உள்நோக்கி ஒரு கோடு. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கோட்டுக்கு உள்ளே இடிந்த வீட்டை மீளக் கட்டக் கூடாது என்றது அந்த முடிவு.

அலையின் உயரத்தை அளந்தவர்கள் இருந்தார்கள். நிலத்தின் மேடுபள்ளத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள். கண்டலும் சவுக்கும் அலையைத் தடுத்தனவா என்று வாதாடிய தாவரவியலாளர்கள் இருந்தார்கள். யார் எங்கே இறந்தார்கள் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் எவருடைய எண்ணும் எல்லா ஊருக்கும் ஒரே 200ஐச் சொல்லவில்லை.

கடலுக்கும் வயலுக்கும் இடையில் இவ்வளவு ஒடுங்கிக் கிடக்கும் கல்முனைக் கரையில், அந்த 200 மீற்றருக்குள் இருந்த குடும்பங்கள் எங்கே போவது? அந்தக் கோட்டை எந்த அறிவு வரைந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)